சொக்கோங்கான் கடிதம்

2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை. பிறையில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரிலிருந்து அப்பா ஒரு படத்தைக் கழற்றினார். ஏதோ ஒரு மண்டபத் திறப்பு விழாவில் சாமிவேலுவுக்கு மாலை போட வரிசையில் நிற்கும் அப்பா. அமைச்சரின் முகம் முழுதாகத் தெரியும். அப்பாவின் முகம் பாதிதான் தெரியும். அவர் அதைத் தூக்கி எறியவில்லை. பழைய நாளிதழில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். “இருக்கட்டும், எப்ப தேவப்படுமோ” என்றார்.

முந்தைய இரவு யாரும் தூங்கவில்லை. 1974 முதல் தன் கையில் வைத்திருந்த சுங்கை சிப்புட்டை சாமிவேலு இழந்திருந்தார். பினாங்குச் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 29 எதிர்க்கட்சிகளுக்குப் போயிருந்தன. எங்கள் பிறைத் தொகுதியில் வென்ற முன்னாள் பேராசிரியர் பி. இராமசாமி, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் முன்னாள் முதல்வர் கோ சூ கூனையும் தோற்கடித்திருந்தார். சில நாட்களில் அவர் மாநிலத்தின் இரண்டாம் துணை முதல்வர் ஆனார். இந்த நாட்டில் ஓர் இந்தியர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் பட்டாசு வெடிக்காததுதான் குறை.

ஆனால் அந்த வெற்றிக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், ஓட்டுப் போட்டோம். அவ்வளவுதான். அதற்கு முன்னால் தெருவில் இறங்கியவர்கள் வேறு ஆட்கள்.

2007 நவம்பர் 25 அன்று இண்ட்ராப் பேரணிக்குப் போக எங்கள் வட்டாரத்திலிருந்தும் ஆட்கள் புறப்பட்டார்கள். லாரி ஓட்டுபவர்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள், வேலை இல்லாதவர்கள். காந்தி படத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். நானும் போவதாகச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை மாலை அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்குப் பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் பாக்கி. நீ அங்க போயி நின்னா, இங்க என் ஃபைல தூக்குவாங்க” என்றார். அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அரசு ஊழியர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ‘ஆக்கு ஜஞ்ஜி’ என்ற விசுவாசப் பத்திரத்தின் நகல் அவரிடம் இருந்தது. அதை எடுத்துக் காட்டவேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

குமாஸ்தாவுக்கு மலாயில் கெரானி. தோட்டத்தில் கிராணி. அந்தச் சொல்லுக்குள் எங்கள் வர்க்கத்தின் வரலாறே இருக்கிறது. தாத்தா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும். துரையிடம் நேராகப் பேச முடியாது. கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி சொல்வார். கிராணிக்கு ஆங்கிலம் தெரியும், தனி வீடு உண்டு, துரையின் கோபம் எப்போது தணியும் என்று தெரியும். அவருக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி உண்டு. தாத்தா தன் மகனைக் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தது அவனைத் துரையாக்க அல்ல, கிராணியாக்கத்தான். அப்பா ஆனார். தோட்டம் போய் அலுவலகம் வந்தது, துரை போய் அமைச்சர் வந்தார். பக்கத்தில் நிற்கும் கலை மட்டும் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கலையின் பெயர் சொக்கோங்கான் கடிதம். சிபாரிசுக் கடிதம்தான். ஆனால் மலாயில் சொன்னால் அதற்கு ஓர் அரசாங்க மணம் வந்துவிடுகிறது. பள்ளி மாற்றம், வேலை மாற்றம், மலிவு விலை வீடு, கடை லைசென்ஸ் என்று எதற்கும் ஒரு கடிதம். ‘இந்த விண்ணப்பத்தைப் பரிவுடன் பரிசீலிக்கவும்’ என்ற ஒரு வரிக்காக அப்பா எத்தனையோ சேவை மையங்களின் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்.

2009இல் அது தங்கைக்காகத் தேவைப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ. மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. அந்த இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, மீதி பத்து மற்ற எல்லோருக்கும். மேல்முறையீடு செய்யலாம். மெட்ரிகுலேஷன் கூட்டரசின் கையில், கூட்டரசு இன்னமும் தேசிய முன்னணியின் கையில். ஆக, மார்ச் 9 அன்று படத்தைக் கழற்றிய அதே அப்பா, ஆளும் கட்சிக் கிளைத் தலைவர் ஒருவரின் வீட்டுக்குப் பழக்கூடையோடு போனார். ஓட்டு அந்தப் பக்கம், கடிதம் இந்தப் பக்கம். நான்தான் காரை ஓட்டினேன்.

அதே மாதங்களில்தான் கம்போங் புவா பாலா நடந்தது.

எங்கள் பக்கமிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறினால் தீவில் இறங்கும் இடம் குளுகோர். அங்கே, அடுக்குமாடிகளுக்கு நடுவில், மாடும் ஆடும் மேயும் ஒரு தமிழ்க் கிராமம் இருந்தது. புவா பாலா என்றால் ஜாதிக்காய். பல தலைமுறைகளாக அங்கேயே இருந்தவர்கள். முந்தைய மாநில அரசு அந்த நிலத்தை அரசு உயர் அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு விற்க ஒப்புதல் தந்திருந்தது. நிலம் கைமாறி முடிந்ததோ 2008 மார்ச் மாதக் கடைசியில், புதிய அரசு வந்த பிறகு. நிலத்தை வாங்கியது யார் என்பதைத்தான் நான் அப்போது கவனிக்கவில்லை. அரசு உயர் அதிகாரிகள். மாதச் சம்பளம், பென்ஷன், சங்கத்தில் பங்கு. அப்பா இன்னும் நாலைந்து கிரேடு உயர்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பாரோ அப்படிப்பட்டவர்கள்.

கிராமத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, கூட்டரசு நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார்கள். பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் அந்தக் கிராமத்துக்காரர். ஒருநாள் கேன்டீனில் கேட்டார்: “தம்பி, ஞாயித்துக்கிழமை வாயேன். ஒன்னும் செய்ய வேணாம். சும்மா வந்து நில்லு. படிச்ச புள்ளைங்க நாலு பேரு நின்னா ஒரு மரியாத.”

வருகிறேன் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கிராமத்து மக்களோடு இண்ட்ராப் ஆட்கள் நிற்கிறார்கள். இண்ட்ராப் 2008 அக்டோபரில் தடை செய்யப்பட்ட இயக்கம். பத்திரிகையில் என் முகம் வந்தால்? தங்கையின் கடிதம் என்ன ஆகும்? இது உண்மையான பயம். ஆனால் பயம் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது இல்லையா? அதற்கு நியாயம் ஒன்று தேடிக்கொண்டேன். “குடும்பத்துக்கு ஒரு இரட்டை மாடி வீடு தர்றாங்க. அத வாங்க நான் முப்பது வருஷம் லோன் கட்டணும். இதுக்கும் மேல என்ன வேணுமாம்?” கேன்டீனில் வேறொரு மேசையில் இதை நான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்: “இப்பதான் நம்ம ஆளு துணை முதல்வரு. இந்த நேரத்துல பிரச்சன பண்ணுனா ஆட்சிக்குத்தான லா கெட்ட பேரு.”

நம்ம ஆளு. 2008க்கு முன்பும் இதையேதான் சொன்னோம், வேறு ஆளைக் காட்டி. ஆட்சி மாறியதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு புதிய நம்ம ஆள். கேள்வி கேட்கும் பழக்கம் அதோடு சேர்ந்து வரவில்லை.

2009 செப்டம்பரில் கடைசி வீடுகளும் உடைக்கப்பட்டன. வேலைக்குப் போகும் பஸ் குளுகோரைத் தாண்டும்போது நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஏன் வரவில்லை என்று என்னை ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கைக்கு மேல்முறையீட்டில் இடம் கிடைத்தது. கிளைத் தலைவர் வீட்டுக்கு இன்னொரு பழக்கூடை போனது.

இத்தனை வருடம் கழித்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. புவா பாலா மக்கள் கேட்டது உரிமை. “இது எங்கள் இடம்” என்றார்கள். சட்டத்தின் முன் தோற்றார்கள். நாங்கள் உரிமை எதையும் கேட்டதில்லை. ‘எனக்கு மட்டும் ஒரு தடவை’ என்றுதான் கேட்டோம். உரிமையை ஒரு தடவை கொடுத்தால் போதும், பிறகு கொடுத்தவனைத் தேடிப் போகவேண்டியதில்லை. சலுகைக்கு ஒவ்வொரு முறையும் போய் நிற்கவேண்டும். அதிகாரத்துக்கு எங்களைப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். நாங்கள் கலகம் செய்வதில்லை, திரும்பத் திரும்ப வருகிறோம். எங்களைவிட ஏழையாக இருப்பவன் சலுகையை மறுத்து உரிமை கேட்கும்போது எங்களுக்கு வரும் எரிச்சலும் அங்கிருந்துதான் வருகிறது. நாங்கள் வரிசையில் நின்று வாங்குவதை இவன் ஏன் நிமிர்ந்து நின்று கேட்கிறான்?

2023இல் இராமசாமிக்கு அவர் கட்சி மீண்டும் இடம் தரவில்லை. 2008க்குப் பிறகு எங்கள் சுவரில் ஏறிய இரண்டாவது படத்தையும் அப்பா கழற்றினார். இப்போது அலமாரிக்குப் பின்னால் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

2024இல் ஓர் அறிவிப்பு வந்தது. எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் எடுக்கும் மாணவர்களுக்கு, எந்த இனமானாலும், மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு. ஒன்பது ஏ எடுத்தவர்கள் இன்னும் கடிதம் தேடத்தான் வேண்டும். ஆனாலும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் பிள்ளையின் அப்பா யார் வீட்டுக்கும் பழக்கூடை தூக்கவேண்டியதில்லை.

அந்தச் செய்தி வந்த வாரம் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்: “அந்த லெட்டர் இல்லன்னாலும் எனக்குக் கிடைச்சிருக்குமாப்பா?”

பதினைந்து வருடமாக அவள் மனதில் அது இருந்திருக்கிறது. தன் மதிப்பெண் தன்னுடையதுதானா என்று தெரியாமலே அவள் வளர்ந்திருக்கிறாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டு நிமிராமல் சொன்னார்: “கிடைச்சிருக்கும்மா. ஆனா எதுக்கு ரிஸ்க்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காரை ஓட்டியது நான்தானே.