குட்டியின் பாலும் அப்பாவின் அரைக் கப்பும்

ஸ்ரீரங்கம்,
சித்திரை 4.

அன்புள்ள கல்யாணிக்கு,

அக்கா எழுதுவது. வெயில் இப்போதே தலையைப் பிளக்கிறது. பதினோரு மணிக்குமேல் சித்திரை வீதியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை.

நீ போனில் அனுப்பிய இரண்டு டப்பா படங்களையும் பார்த்தேன். "எது நல்லது, ஒரே வரியில் சொல்லு அக்கா" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் ராத்திரி முழுக்க மனதை அரித்தது. மகள் குட்டி பாலைத் தொடுவதில்லை, அதனால் தினமும் படுக்கும் முன் ஒரு கப் ஐஸ்கிரீம் கொடுக்கிறேன், அதிலும் பால்தானே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. அதனால்தான் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். பொறுமையாகப் படி.

முதலில் அந்த டப்பாக்கள். ஒன்றில் ஐஸ்கிரீம் என்று இருக்கிறது. மற்றதில் அந்த வார்த்தையே இல்லை, கவனித்தாயா? படத்தைப் பெரிதாக்கிப் பார். ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று இருக்கும். ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் அதிலுள்ள கொழுப்பு பாலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அதுவும் நூற்றுக்குப் பத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. பால் கொழுப்பு அதற்குக் குறைந்தால் மீடியம் ஃபேட், லோ ஃபேட் என்று சேர்த்துப் போட வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்தால் அது ஃப்ரோஸன் டெசர்ட். பெரும்பாலும் பாமாயில்தான். பால் பவுடர் அதிலும் உண்டு, புரதமும் உண்டு. சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது கொழுப்பு.

நான் கொட்டப்பட்டு பால் பண்ணை லேபில் இருந்தபோது நீ ஒருநாள் வந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி ஆசிட், அதன்மேல் 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். மூடிபோட்டுத் துணியில் சுற்றிக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும். மெஷினில் வைத்துச் சுற்றி எடுத்தால் கழுத்தில் பொன்னிறமாகக் கொழுப்பு ஏறி நிற்கும். அளவுகோட்டைப் பார்த்து எழுதிவிடலாம். "தேன் மாதிரி இருக்கு அக்கா" என்றாய். அந்தச் சோதனை கொழுப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும். யாருடைய கொழுப்பு என்று சொல்லாது. அதற்கு ஆர்.எம். வேல்யூ, அதாவது எளிதில் ஆவியாகும் அமிலம் எவ்வளவு என்று காட்டும் எண், பார்க்க வேண்டும். பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் என்று அப்படி ஒன்று இருக்கிறது. வெண்ணெய்க்கும் நெய்க்கும் உள்ள தனி வாசனையில் அதற்குப் பங்கு உண்டு. அதனால் நல்ல நெய்யில் அந்த எண் 24, 28 என்று நிற்கும். தேங்காயெண்ணெயில் ஏழு அளவில் இருக்கும். பாமாயிலில் ஒன்றைக்கூட எட்டாது. டப்பாவின் பின்னால் 'மொத்தக் கொழுப்பு 10 கிராம்' என்று போட்டிருப்பதும் அந்த முதல் குழாய் மாதிரிதான். யாருடைய கொழுப்பு என்பதைச் சேர்மானப் பட்டியலில்தான் தேட வேண்டும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படி. அதிகம் இருப்பது முதலில் வரும். பால், கிரீம், பால் கொழுப்பு என்று வருகிறதா, எடிபிள் வெஜிடபிள் ஆயில் என்று வருகிறதா, பார்த்தால் தெரிந்துவிடும்.

போன வருஷம் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்திக்குக் கடைசியில் 'ஐஸ்கிரீம்' கொடுத்தார்கள். பெண் வீட்டார் ஐஸ்கிரீமுக்குத்தான் காசு கொடுத்திருந்தார்கள். வாயில் வைத்ததும் மேலண்ணத்தில் மெழுகு தடவியதுபோல ஒரு படலம். கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது காலி டப்பாக்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ஃப்ரோஸன் டெசர்ட். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அது விஷம் என்பதால் அல்ல. பெண்ணைப் பெற்றவர் பாலுக்கு எண்ணிக் கொடுத்த பணத்துக்கு எண்ணெய் வந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியவும் இல்லை. (உருகாமல் நின்றால் போலி என்று போனில் ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதை நம்பாதே. குவார் கம் போன்றவை சேர்த்தால் நல்ல ஐஸ்கிரீமும் மெதுவாகத்தான் உருகும். டப்பாவில் உள்ள பெயர்தான் ஆதாரம்.)

இந்தப் பெயர்ச் சண்டை கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 2017-ல் அமுல் தன் விளம்பரத்தில் ஃப்ரோஸன் டெசர்ட்டில் வனஸ்பதி இருக்கிறது என்கிற மாதிரி காட்டியது. அப்போது குவாலிட்டி வால்ஸ் விற்ற ஹிந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த விளம்பரத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நான் பால் பண்ணையில் சம்பளம் வாங்கியவள், மனசு பால் பக்கம்தான் சாயும். ஆனாலும் அந்தத் தடை நியாயம் என்றுதான் நினைக்கிறேன். எல்லாத் தாவர எண்ணெயும் வனஸ்பதி ஆகிவிடாது. எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது வருகிற டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்கு எதிரி. அது நூற்றுக்கு இரண்டுக்குமேல் போகக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் இருப்பதால் எண்ணெய் சேர்த்த டப்பாதான் அவருக்கு நல்லது என்று நீ நினைப்பதும் புரிகிறது. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை, அது உண்மை. ஆனால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது முக்கியமாக நிறைவுற்ற கொழுப்பு. பால் கொழுப்பில் அது மூன்றில் இரண்டு பங்கு. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது. ஆகக் கணக்குப்படி பாமாயில் கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி அவர் இரண்டு கப் சாப்பிட்டால் ஒரு கப் ஐஸ்கிரீமைவிட அதிகம் உள்ளே போய்விடும். பால் கொழுப்போடு ஏ வைட்டமினும் வருகிறது, ருசியும் வருகிறது. அதனால் என் தீர்ப்பு இதுதான்: சாப்பிடுவதானால் பால் ஐஸ்கிரீம், சின்ன கப், என்றைக்காவது. எண்ணெய் டப்பாவை உடம்புக்கு நல்லது என்று சொல்லி வாங்காதே.

இனி குட்டி விஷயம். இதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

ஐஸ்கிரீமை மில்லியில் விற்கிறார்கள். பின்னால் சத்துக் கணக்கைப் பல டப்பாக்களில் நூறு கிராமுக்குப் போடுகிறார்கள். நூறு மில்லியும் நூறு கிராமும் ஒன்றென்று நாம் படித்துவிடுகிறோம். பாலில் ஏறக்குறைய ஒன்றுதான். ஐஸ்கிரீமில் இல்லை. கலவையை உறைய வைக்கும்போதே காற்றை அடித்து ஏற்றுகிறார்கள். அதனால்தான் ஸ்பூன் இறங்குகிறது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதியே இருக்கிறது. அப்படியென்றால் மீதி காற்றாகவே இருக்கலாம். குட்டிக்கு நீ கொடுக்கிற நூறு மில்லி கப்பில் ஐம்பத்தைந்து கிராம் இருந்தால் அதிகம். அதில் அவளுக்குக் கிடைப்பது இரண்டு கிராம் புரதம், எழுபது மில்லிகிராம் கால்சியம். கூடவே சேர்த்த சர்க்கரை இரண்டு டீஸ்பூன், நூற்றுப்பத்து கலோரி.

நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் நூற்றைம்பது மில்லி நீல பாக்கெட் பால் ஊற்றினால் ஐந்து கிராம் புரதம், நூற்றெண்பது மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலை ஐஸ்கிரீமில் ஈடுகட்ட மூன்று கப் வேண்டும், ஆறு ஸ்பூன் சர்க்கரையோடு. ஏழு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ராத்திரி ஒரு கப் எந்த மூலைக்கு?

பால் பிடிக்காவிட்டால் பால்தான் என்று கட்டாயப்படுத்தாதே. தயிரும் மோரும் அதே பால்தான். மத்தியானம் கெட்டித் தயிரில் பிசைந்த சாதம், சாயங்காலம் ஒரு டம்ளர் நீர்மோர், காலையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேழ்வரகுக் கூழோ தோசையோ. கேழ்வரகில் கால்சியம் பாலைவிட அதிகம், நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல். நீ சின்ன வயசில் பால் வாசனைக்கு ஓங்கரிப்பாய். அம்மா உனக்கு மோரில்தான் எலும்பு வளர்த்தாள்.

குச்சி ஐஸைப் பற்றியும் கேட்டிருந்தாய். நீங்கள் வரும் சித்திரைத் தேர் சமயத்தில் இங்கே வீதி நிறைய வண்டிகள் வரும், குட்டி கேட்கத்தான் கேட்பாள். கொழுப்பில்லை, கலோரி குறைவு என்பது சரி. ஒரு குச்சியில் ஐம்பது, அறுபது கலோரிதான். ஆனால் அது முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர், சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. அதைவிட எனக்குத் தண்ணீரைப் பற்றித்தான் பயம். மீனுக்குப் போடுகிற ஐஸும் தின்கிற ஐஸும் கலந்துவிடாமல் இருக்க, தின்னக் கூடாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் உத்தரவு வந்தது. வண்டியில் ஐஸைச் சீவிப் போட்டுக் கொடுப்பதை வாங்கித் தராதே. உறையோடு வருகிற பால் ஐஸ் ஒன்று வாங்கிக் கொடு, போதும். ராத்திரி மணியடித்துக்கொண்டு வருகிற குல்ஃபியும் நல்லதுதான், பாலைக் குறுக்கிச் செய்திருந்தால். அதில் காற்று ஏற்றுவதில்லை. அதனால் சின்னக் குச்சியிலும் எடை அதிகம், சத்தும் சர்க்கரையும் சேர்ந்தே அதிகம். ஒன்றை இருவர் பகிரலாம்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்பத்தொன்று முடிகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மலைக்கோட்டை ஏறி இறங்கியதும் நம்மை மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் கடைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு கப் வாங்கித் தருவாரே, தனக்கு வேண்டாம் என்று நின்றுகொண்டே நம்மைப் பார்ப்பாரே, அந்த மனுஷர் இப்போது ஐஸ்கிரீம் என்றால் குழந்தைபோலக் கேட்கிறார். யாரோ 'சுகர் ஃப்ரீ' ஒன்று வாங்கிவந்தார்கள். சேர்மானத்தில் மால்டிட்டால் என்றிருந்தது. அதுவும் ரத்தத்தில் ஓரளவு சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கொழுப்பு அப்படியே இருக்கிறது. சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் இரண்டு கப் சாப்பிட்டார், மறுநாள் முழுக்க வயிறு சரியில்லை. டாக்டரைக் கேட்டேன். மாதம் ஒருமுறை, மதியச் சாப்பாட்டில் சாதத்தைக் குறைத்துக்கொண்டு, சாதாரண பால் ஐஸ்கிரீம் அரைக் கப் கொடுக்கச் சொன்னார். பால் கொழுப்பு சர்க்கரையைச் சற்று மெதுவாக ஏற்றும். வெறும் குச்சி ஐஸ் அப்படியில்லை. அம்மாவின் வெள்ளிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறேன். கால் மணி நேரம் சாப்பிடுகிறார். ஒவ்வொரு ஸ்பூனையும் நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். போதுமா என்றால் போதும் என்று கிண்ணத்தைத் திருப்பித் தருகிறார்.

குட்டிக்கு நான் வீட்டிலேயே ஒன்று செய்து வைக்கிறேன். நன்றாகப் பழுத்த பூவனையோ ஏலக்கியையோ வட்டமாக நறுக்கி ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்துவிட வேண்டும். மறுநாள் ஒரு குழிக்கரண்டி கெட்டித் தயிரும் ஒரு ஏலக்காயும் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் முதலில் மணல்போல உதிரும், பிறகு சட்டென்று வெண்ணெய்போலத் திரளும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பழத்தின் இனிப்பே இனிப்பு, நாரும் பொட்டாசியமும் கூட வருகிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம் திருச்சியில்தான் இருக்கிறது. காவிரிக்கரைப் பழம் கிடைக்கிற ஊரில் பிள்ளைக்கு இதைக் கொடுக்காமல் எதைக் கொடுப்பது? அப்பாவுக்கு இதிலும் இரண்டு ஸ்பூன்தான். பழமும் சர்க்கரைதான் என்பதை மறக்கவில்லை.

வாங்கியவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பாவை ஞாயிற்றுக்கிழமைக்கு வை, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள். மற்றது தீர்ந்ததும் மறுபடி வாங்காதே. ராத்திரி கப்பை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு. அழுவாள், இரண்டு நாள் அழட்டும். பெரியம்மா ஸ்ரீரங்கத்தில் வாழைப்பழ ஐஸ் வைத்திருக்கிறாள் என்று சொல்.

தேருக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். அன்று காலையில் கிளம்பினால் வீதிக்குள் நுழைய முடியாது. அப்பா உன் வரவை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் அக்கா