கானேஷுமாரியும் எங்கள் பாட்டனாரும்

மனிதனுக்கு நாற்பது வயது தாண்டியதும் இரண்டு விஷயங்கள் தாமாகவே வந்து சேருகின்றன. ஒன்று, மூக்குக் கண்ணாடி. மற்றொன்று, மூதாதையரைப் பற்றிய விசாரம். எனக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன. சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயன் ஆகையால் இரண்டாவது சற்றுப் பலமாகவே பிடித்துக்கொண்டது.

எங்கள் பாட்டனாரின் பாட்டனார் தாது வருஷப் பஞ்சத்தில், சிறு பிள்ளையாக, சேலம் ஜில்லாவிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. அவருடன் புறப்பட்டவர்கள் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. அவரைப் பெற்ற தாயாரின் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. சர்க்கார் எடுத்த ஜனக் கணக்கில், அக்காலத்தார் 'கானேஷுமாரி' என்று சொன்ன அந்தக் கணக்கில், அவர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

இவ்விதம் தேடுகிறவர்களுக்கு அயர்லாந்து ஒரு நல்ல உதாரணம். அந்தத் தேசத்தின் பழைய கணக்கேடுகளில் பெரும்பகுதி 1922-ஆம் வருஷம் டப்ளின் நகரத்து ஆவணச் சாலையில் மூண்ட தீயில் எரிந்து போயிற்று. ஆனால் 1901, 1911 ஆகிய இரண்டு வருஷத்துக் கணக்குகளும் வீட்டுக்கு ஒரு தாளாக இன்றும் இருக்கின்றன. அவற்றை எவரும் காசு கொடாமல் இணையத்தில் பார்க்கலாம். பெயர், உறவு, வயது, மதம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பன எல்லாம் அதில் உண்டு. 1911-இல் மணமான பெண்களிடம் புதிதாக ஒரு கேள்வியும் கேட்டார்கள்: பெற்ற குழந்தைகள் எத்தனை? இன்று உயிருடன் இருப்பவை எத்தனை? அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு தாயின் வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

அத்தாள்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். 1908-இல் வந்த சட்டம் எழுபது வயதானவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. அதன் பயனாக, 1901-க்கும் 1911-க்கும் இடையில், பத்தே வருஷத்தில் பதின்மூன்று பதினான்கு வயது மூத்துவிட்ட கிழவர்கள் அங்கே அநேகர்! பணம் வருகிறதென்றால் முதுமையும் ஓடி வருகிறது.

அயர்லாந்தை ஆண்ட அதே சர்க்கார்தான் நம்மையும் ஆண்டது. 1871-இல் சென்னை மாகாணத்தில் ஜனங்களை எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17-ஆம் தேதி இரவு, தேசம் முழுவதையும் ஒரே சமயத்தில் எண்ணினார்கள். வீடுகளுக்கு இலக்கமிட்டு, வீடு வீடாகச் சென்று எழுதினார்கள். பெண்களின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் வீடுகளில் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று விதியே இருந்தது. எழுதியவற்றைக் கூட்டி அட்டவணை போட்டார்கள், புத்தகமாக அச்சிட்டார்கள். வீட்டு வாரியாக எழுதிய ஏடுகளையோ காப்பாற்றி வைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் செய்த சட்டமும் தனி மனிதரைப் பற்றிய குறிப்புகளைப் பிறர் பார்க்கலாகாது என்கிறது. அது நம் அந்தரங்கத்தைக் காப்பதற்காக. அதில் நியாயம் உண்டு. ஆனால் பாட்டனாரைத் தேடுகிறவனுக்கு எஞ்சுவது எண் ஒன்றுதான்.

அந்த எண்ணைப் பார்ப்போம். அன்றைய சேலம் ஜில்லா, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்தது. 1871-இல் அங்கே இருந்தவர்கள் 19,66,995 பேர். பஞ்சம் கழிந்து 1881-இல் எண்ணியபோது 15,99,595 பேர். குறைந்தவர்கள் மூன்று லட்சத்து அறுபத்தேழாயிரம் பேருக்கு மேல். அத்தனை பேரும் மாண்டவர்கள் அல்லர். ஊரை விட்டுப் போனவர்களும் அதில் அடக்கம். வீட்டில் சொல்லும் செய்தி மெய்யானால், எங்கள் பாட்டனார் அந்தக் கழித்தல் கணக்கில் ஒருவர். அவருடைய தாயாரும் அதில்தான் இருக்க வேண்டும். மாண்டவராகவா, நடந்து வந்தவராகவா என்பதை எண் சொல்லாது.

பெயர்களை எழுதிக் காப்பாற்ற அந்தச் சர்க்காருக்குத் தெரியாமல் இல்லை. நிலம் உடையவன் பெயர் செட்டில்மெண்டுப் பதிவேட்டில் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பல் ஏறியவனின் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் உட்படக் கப்பல் பட்டியலில் இருக்கின்றன. வரி வாங்க வேண்டியவனையும் வேலை வாங்க வேண்டியவனையும் பெயர் சொல்லி நினைவில் வைத்தார்கள். நிலமும் இல்லாமல், கப்பலும் ஏறாமல், கால்நடையாகப் பிழைக்கப் போனவன் எண்ணாக நின்றுவிட்டான். ஆயினும் அவனை ஓர் ஆளாக எண்ணியது அந்தக் கணக்கு ஒன்றுதான் என்பதையும் மறக்கலாகாது.

ஆகையால், குடும்ப வரலாறு எழுத விரும்புகிறவர்கள் கணக்குப் புத்தகங்களை ஒதுக்கிவிட வேண்டாம். 1951 முதல் வந்த ஜில்லாக் கையேடுகளில் கிராமவாரியான எண்கள் கிடைக்கின்றன. வீட்டில் கேட்ட கதையை அவற்றோடு வைத்துப் பாருங்கள். பெயர்களை மட்டும் நாமேதான் எழுதி வைத்தாக வேண்டும்.

சென்ற கோடை விடுமுறைக்கு என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அயர்லாந்துத் தாளைப் போலவே ஒரு தாள் தயாரித்து, வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டு நிரப்பி வரச் சொன்னேன். 1911-இன் கேள்வியையும் சேர்த்தேன். ஒரு பையனுடைய பாட்டியார், பெற்றவை ஏழு, இருப்பவை ஐந்து என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, இல்லாமற்போன இரண்டு குழந்தைகளின் பெயரையும் சொன்னாராம். அந்தப் பெயர்கள் அவனுடைய தகப்பனாருக்கே அன்றுவரையில் தெரியாது. பையன் இரண்டையும் மையினால், முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்திருந்தான்.