நைல் நதியில் ஒரு பகல்

லுக்சோர் நகரில் இருந்து அஸ்வானுக்கு ரயிலில் போனால் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். நைல் நதியில் ஓடும் உல்லாசக் கப்பல்களோ அந்தத் தூரத்தை மூன்று நான்கு நாட்களாக இழுத்து இழுத்துப் போகின்றன. கோயில், சாப்பாடு, நித்திரை, மறுபடியும் கோயில். குளிருக்குத் தப்பி வந்த ஐரோப்பிய முதிய தம்பதிகள்தான் கப்பல் நிறைய. நெதர்லாந்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்ட எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பயணச்சீட்டு மகள் எடுத்துத் தந்தது. "நீங்கள் ரெண்டு பேரும் எப்ப பார்த்தாலும் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஆற்றையேன் கலியாணவீட்டுக்குத்தான் போறியள். ஒருக்காலாவது ஒருத்தரையும் தெரியாத இடத்துக்குப் போய்ப் பாருங்கோ" என்றாள்.

கெய்ரோ விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டியபோது அதிகாரி முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முன்பு எங்களிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தில் 'இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும்' என்று எழுதியிருக்கும். எகிப்துக்கும் அது அன்றே செல்லுபடியானதுதான். ஆனால் அந்த நாட்களில் உல்லாசப் பயணம் போகும் எண்ணம் எங்களில் யாருக்கு வந்தது?

நான் எழுத நினைப்பது பயணத்தின் கடைசிப் பகலைப் பற்றி.

காலையில் கொம் ஓம்போ. ஆற்றங்கரையிலேயே கோயில். தாலமி அரசர்கள் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டளவில் கட்டத் தொடங்கியது. ஒரே கோயிலுக்குள் இரண்டு தெய்வங்கள், இரண்டு வாசல்கள், இரண்டு மூலஸ்தானங்கள். ஒரு பக்கம் முதலைத் தலை கொண்ட சோபெக், மறுபக்கம் பருந்துத் தலை கொண்ட ஹோரஸ். பக்கத்து அருங்காட்சியகத்தில், பதனிட்டுத் துணியால் சுற்றிய முதலைகளைக் கண்ணாடிக்குள் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். கோயில் வளவில் ஒரு ஆழமான கிணறு. ஆற்று வெள்ளத்தின் உயரத்தை அளக்க வெட்டியது. வெள்ளம் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப விளைச்சல், விளைச்சலுக்கேற்ப வரி. "கிணத்தை எட்டிப் பார்த்து வரி போட்டிருக்கிறாங்கள்" என்றாள் மனைவி.

எங்கள் வழிகாட்டி கெய்ரோவைச் சேர்ந்த இளைஞன். வரலாறு படித்தவன். அரசர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வான். கப்பலுக்குத் திரும்பும்போது, கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால் கையை நீட்டி, "அந்தப் பக்கம் நூபியர்களின் கிராமங்கள். அணை கட்டியபோது அரசாங்கம் கட்டிக்கொடுத்தது" என்றான். அது ஒரு வசனம்தான். அடுத்த வசனம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பற்றியது.

கப்பல் அஸ்வானை நோக்கி நகர்ந்தது. மேல்தட்டில் இருந்து பார்த்தால் இரு கரையிலும் ஒரு பச்சை நாடா, அதற்குப் பின்னால் உடனே மணல். பேரீச்சை, கரும்பு, எருமை, கழுதை. ஒரு பெண் ஆற்றோரம் குந்தியிருந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மனைவி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இஞ்சாருங்கோ, எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில இஞ்சால வந்திருப்பினமோ?" என்று கேட்டாள்.

வந்திருக்கிறார்கள். செங்கடற்கரையில் குசெய்ர் என்ற பழைய துறைமுகத்தில் கண்டெடுத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருந்தன. இன்னும் தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் 1995இல் கிடைத்த ஓட்டில் கொற்பூமான் என்ற பெயர். எல்லாம் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழையவை. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடலில் இறங்கி, ஒட்டக முதுகில் பாலைவனம் கடந்து, லுக்சோருக்கு வடக்கே கொப்தோஸ் என்ற ஊரில் நைல் படகுகளில் ஏறி அலெக்சாந்திரியாவுக்குப் போனது. இதையெல்லாம் சொன்னபோது மனைவிக்குப் புளுகம்தான். எனக்கும்தான். புலத்தில் எங்கள் கூட்டங்களில் இந்த ஓடுகளைப் பற்றி யாராவது பேசினால் கைதட்டல் நிற்காது. ஆனால் ஒன்றை நாங்கள் மறந்துபோகிறோம். அந்தச் சாதனும் கணனும் பருவக்காற்றைக் கணக்குப் பார்த்து வந்தவர்கள். ஒரு காற்று அவர்களைக் கொண்டுவந்தது. மறு காற்று திரும்பிப் போக இருந்தது. எங்களுக்கு அவர்கள் முன்னோர்களாக இருக்கலாம், முன்மாதிரிகள் இல்லை.

மத்தியானம் அஸ்வான். அங்கிருந்து பேருந்தில் அணைக்கட்டுக்குப் போனோம். நீளம் 3,830 மீற்றர், உயரம் 111 மீற்றர். 1960இல் தொடங்கி 1970இல் முடித்தார்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல்போல ஏரி. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்துக்கு, சூடான் எல்லையையும் தாண்டி அது கிடக்கிறது. அணை எகிப்துக்கு மின்சாரம் தந்தது. ஒரு காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் பாதியளவு இங்கிருந்துதான் போனது. எண்பதுகளின் கடும் வரட்சியில் எத்தியோப்பியாவும் சூடானும் பட்டினியில் கிடந்தபோது எகிப்தைக் காத்தது இந்த ஏரித் தண்ணீர். வழிகாட்டியின் குரலில் இருந்த பெருமைக்குக் காரணம் இருக்கிறது. நான் அதில் குறை காணவில்லை.

அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் நூபியா இருக்கிறது.

ஆங்கிலேயர் 1902இல் அஸ்வானில் முதல் அணையைக் கட்டி முடித்தார்கள். 1912இலும் 1933இலும் அதை உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் வயலும் பேரீச்சையும் மூழ்க, நூபியர்கள் மலைச்சரிவில் இன்னும் மேலே ஏறி வீடு கட்டினார்கள். நிலம் போனதால் ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் போய்ச் சமையற்காரராகவும் வாயிற்காவலராகவும் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள். ஊர்களில் பெண்களும் கிழடுகளும் பிள்ளைகளும்தான். காசும் கடிதமும் தபால் படகில் வரும். படகு வரும் நாளில் கரையில் கூட்டம் கூடும். தபாற்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துப் படலையில் நின்ற தாய்மாரைத் தெரிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெரிய அணை வந்தபோது மேலே ஏறவும் இடமில்லை. 1963 ஒக்டோபரில் தொடங்கி 1964 நடுப்பகுதிக்குள் எகிப்து நூபியர்கள் ஏறத்தாழ 50,000 பேரைப் படகிலும் ரயிலிலும் பேருந்திலும் ஏற்றிக் கொம் ஓம்போவுக்குக் கொண்டுவந்தார்கள். சூடான் பக்கத்திலும் ஏறத்தாழ அவ்வளவு பேர் பல நூறு கிலோமீற்றர் தள்ளிக் குடியேற்றப்பட்டார்கள். ஆற்றையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கு ஆற்றை விட்டுத் தள்ளி, வரிசை வரிசையாகக் கல்வீடுகள். பல வீடுகள் கட்டி முடியவும் இல்லை. முதல் மாதங்களிலேயே குழந்தைகளும் முதியவர்களும் பலர் செத்துப்போனார்கள்.

கோயில்களின் கதை வேறு. 1960இல் யுனெஸ்கோ உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தது. ஏறத்தாழ 50 நாடுகள் உதவின. அபு சிம்பெல் கோயிலை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 65 மீற்றர் உயரத்தில் 1968இல் திரும்பப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் செலவு. உதவிய நாடுகளுக்கு நன்றியாகச் சில சிறிய கோயில்களை எகிப்து அன்பளிப்புச் செய்தது. ஒன்று நியூயோர்க்கில், ஒன்று மட்ரிட்டில், ஒன்று தூரினில், ஒன்று எங்கள் நெதர்லாந்தில்.

லைடன் நகர அருங்காட்சியகத்தின் வாசல் மண்டபத்துக்குள் நிற்கும் அந்தச் சிறு கோயிலின் பெயர் தாஃபே. 657 கற்கள். மகள் சின்னவளாக இருந்தபோது கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். குளிரும் ஈரமும் படாமல் கூரைக்குக் கீழே, வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலை யாரும் நேர்முக விசாரணைக்கு அழைத்திருக்கமாட்டார்கள், எந்த வழியால் வந்தாய் என்று கேட்டிருக்கமாட்டார்கள் என்று அப்போது பகிடியாக நினைத்தேன். தாஃபே என்பது ஒரு ஊரின் பெயர் என்பதும், அந்த ஊர் இந்த ஏரியின் அடியில் கிடக்கிறது என்பதும் அணைக்கட்டில் நின்றபோதுதான் மனதில் ஏறியது. ஊரின் கற்கள் லைடனில். ஊரின் சனங்கள் காலையில் நாங்கள் பார்க்காமல் வந்த கரும்புத் தோட்டத்துக்கு அப்பால்.

பின்னேரம் ஃபிலே. இரண்டு அணைகளுக்கும் நடுவே ஒரு தீவில் ஐசிஸ் தெய்வத்தின் கோயில். எகிப்தியச் சித்திர எழுத்தில் எழுதப்பட்டதாக நாம் அறிந்த கடைசிக் கல்வெட்டு இங்கேதான், கி.பி. 394இல் பொறித்தது. இதுவும் இடம்பெயர்ந்த கோயில். ஏறத்தாழ 40,000 துண்டுகளாகக் கழற்றிப் பக்கத்துத் தீவுக்கு மாற்றி 1980இல் திறந்தார்கள். புதிய தீவைப் பழைய தீவின் வடிவத்துக்கு வெட்டிச் செதுக்கினார்களாம்.

போக இயந்திரப் படகு பிடிக்கவேண்டும். எங்கள் படகை மகன் ஓட்ட, தகப்பன் பின்னால் இருந்தார். எழுபது வயது மதிக்கலாம். வெள்ளைத் தலைப்பாகை. துண்டு துண்டான ஆங்கிலத்தில் கதைத்தார். தண்ணீரில் முளைத்து நிற்கும் துருப்பிடித்த இரும்புத் தூண்களைக் காட்டி, "பழைய தீவு அதுதான். தண்ணீரை மறிக்கப் போட்ட வேலி" என்றார். அவர் ஊர் எது என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரில் இப்போது கொம் ஓம்போவில் ஒரு கிராமம் இருக்கிறது. எல்லா ஊர்களும் பழைய பெயர்களைக் கொண்டுபோயின. பெயருக்குப் பாரம் இல்லைத்தானே.

ஊரை விட்டபோது அவருக்குப் பத்து வயது. தாய் வீட்டைக் கூட்டிக் கழுவி, கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டாளாம். எல்லோரும் போய்ச் சவக்காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார்களாம். நாய்களை ஏற்ற விடவில்லை. படகு வெளிக்கிட, அவை கரையோரமாகக் கூடவே ஓடிவந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொண்ணூறாம் ஆண்டு நாங்களும் ஒரு நாயை விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

ஃபிலே கோயிலின் தூண்களுக்கு நடுவே நடந்தபோது எனக்கு எங்கள் கோயில்கள்தான் நினைவுக்கு வந்தன. நாங்களும் போன இடமெல்லாம் முதலில் கட்டியது கோயிலைத்தான். நிலவறையிலும் களஞ்சியத்திலும் தொடங்கி, ஜேர்மனியின் ஹம் நகரில் 2002இல் கோபுரத்தோடு காமாட்சி அம்மன் கோயில் எழும்பும்வரை வந்தோம். நல்லதுதான். ஆனால் ஊரில் அந்தக் கோயில் வீதியைக் கூட்டியவர், பூமாலை கட்டியவர், தேருக்குச் சறுக்குக்கட்டை போட்டவர், உள்ளே விடப்படாமல் வாசலோடு நின்று கும்பிட்டவர், இவர்களைச் சேர்த்ததுதானே ஊர்? கற்களுக்கு எண் போடலாம், திரும்ப அடுக்கலாம். அயலுக்கு யார் எண் போட்டார்கள்?

2014இல் வந்த எகிப்திய அரசியலமைப்பின் 236ஆம் உறுப்புரை, நூபியரைப் பத்து ஆண்டுகளுக்குள் அவர்களது பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவரும் திட்டங்களை அரசு நிறைவேற்றும் என்றது. அதே ஆண்டில் வந்த ஜனாதிபதி ஆணை ஒன்று, சூடான் எல்லையோர நிலத்தை இராணுவ வலயம் ஆக்கியது. பழைய நூபியக் கிராமங்கள் பலவற்றின் இடங்கள் அதற்குள் அடங்கின. பத்து ஆண்டுகள் 2024இல் முடிந்தன. வலிகாமம் வடக்கில் பிறந்தவனுக்கு இராணுவ வலயம் என்ற சொல்லுக்கு அகராதி வேண்டாம். எங்கள் காணி விடுபட்டபோது வீடு இருந்த அடையாளமே இல்லை. கிணறு மட்டும் கிடந்தது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கிழவர் என் பக்கம் திரும்பி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நெதர்லாந்து என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கு முன்பு எங்கே என்று கேட்டார். சொன்னேன். யுத்தம் என்றேன்.

"உங்கள் ஊரும் தண்ணீருக்குள்ளேயா?"

"இல்லை. மேலேதான் இருக்கிறது."

"அப்படியென்றால் போகலாமே" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. "போய்ப் பாத்திட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தன் தகப்பனும் இரண்டு முறை வாடகைப் படகில் ஏரிக்குப் போய், ஊர் இருந்த இடத்துக்கு மேலே நின்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்?"

"மலைகளை வைத்துத்தான். மலைகள் அசையவில்லையே."

கரை வந்ததும் மகன் கயிற்றை எறிந்தான். கிழவர் எழுந்து, மனைவி இறங்கக் கை கொடுத்தார்.