நான் எழுப்பாத ஆட்சேபம்

தொடர்பியல் ஆசிரியர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் ஒன்றின் செயற்குழுவில் ஆசியப் பகுதியின் உறுப்பினராக இருந்தேன். எனக்கு ஓட்டுப் போட்டவர்களையே சங்கத்தைவிட்டு வெளியேற வைக்கக்கூடிய ஒரு தீர்மானம் அப்போது வந்தது. நான் அதை எதிர்க்கவில்லை. பின்னாளில் கேட்டவர்களிடம் எதிர்த்ததாகச் சொன்னேன். இந்த இரண்டையும் எழுத்தில் வைக்கவே இதை எழுதுகிறேன்.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பழியில் ஒரு பங்கு அதன்மேல் போய்விடும். நான் சொல்ல வந்தது என் பங்கை மட்டும்.

இப்படிப்பட்ட சங்கங்கள் உலகில் பல உண்டு. ஊடக, தொடர்பியல் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1957-இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு பாரிஸில் தொடங்கியது. அமெரிக்காவில் 1950-இல் தேசிய அளவில் தொடங்கிய இன்னொரு சங்கம் பிறகு பன்னாட்டுத் தொடர்பியல் சங்கமாகப் பெயர் மாற்றிக்கொண்டது. ஆசியாவுக்கென்று 1971-இல் சிங்கப்பூரில் ஆமிக் என்ற தொடர்பியல் மையம் உருவானது. நான் இருந்தது இவற்றைவிட மிகச் சிறியது. ஆண்டுக்கு ஒரு மாநாடு, ஓர் ஆய்விதழ், பாடத்திட்டம் பற்றிய கூட்டங்கள், சில விருதுகள் என்று அதன் வேலை முடிந்துவிடும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் மதுரை, திருமங்கலம், மேலூர் வட்டாரத்தில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், தொகுப்பூதியத்துக்கு விஸ்காம் பாடம் நடத்தும் ஒருவருக்கு அந்த உறுப்பினர் அட்டை பெரிய கதவு. நூலகம் வாங்காத ஆய்விதழை அவரால் படிக்க முடியும். மாநாட்டில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். தன் ஊரைப் பற்றிய ஆய்வை வெளிநாட்டில் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வார். எங்கள் பகுதியிலிருந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான். அவர்களை ஒவ்வொருவராகப் பேசிச் சேர்த்தவனும் நான்தான். அவர்கள் ஓட்டில்தான் செயற்குழுவுக்குப் போனேன்.

அவர்களால் சேர முடிந்ததற்குக் காரணம் சந்தா முறை. உலக வங்கி நாடுகளைத் தலைக்கு வரும் வருமானத்தை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கிறது. பல பன்னாட்டுச் சங்கங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சந்தாவைப் படிப்படியாக வைத்திருக்கின்றன. பன்னாட்டுத் தொடர்பியல் சங்கத்திலும் அப்படித்தான். இந்தியா கீழ்நடுத்தர வருமான நாடு என்பதால், எங்கள் சங்கத்திலும் நாங்கள் அமெரிக்க ஆசிரியர் கட்டுவதில் ஒரு சிறு பங்கைக் கட்டினால் போதும் என்று இருந்தது.

அந்தப் படிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே சந்தா என்பதுதான் தீர்மானம். ஆய்விதழின் செலவு ஏறிவிட்டது, கையிருப்பு குறைகிறது என்ற காரணங்கள் பொய்யில்லை. ஆனால் டாலரில் சிறிதாகத் தெரிந்த அந்தத் தொகை, ரூபாயில் மாற்றினால் எங்கள் பக்கத்தில் ஒரு மாத வீட்டு வாடகை.

செயற்குழுக் கூட்டம் இணையத்தில் நடக்கும். அமெரிக்காவில் மதியம் என்றால் இங்கே இரவு பத்தரை மணி. என் வீடு கோரிப்பாளையத்தில், ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ்களின் சத்தம் இரவில் ஓயாத தெருவில் இருக்கிறது. அதனால் மைக்கை அணைத்து வைத்துத்தான் உட்காருவேன். கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் வரும். போன கூட்டத்தின் மினிட்ஸ், குழு நியமனங்கள், வழக்கமான ஒப்புதல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, விவாதம் இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றும் பட்டியல் அது. நேரத்தை மிச்சப்படுத்த நல்ல ஏற்பாடுதான். பைலாவில் அதற்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. எந்த உறுப்பினராவது ஒருவர், “இந்த இனத்தைத் தனியாக எடுங்கள்” என்று சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அந்த இனம் பட்டியலைவிட்டு வெளியே வந்து விவாதத்துக்குப் போய்விடும்.

சந்தா மாற்றம் அந்தப் பட்டியலில் இருந்தது. நான் கூட்டத்துக்கு முன்பே அதைப் படித்திருந்தேன். யாருக்கு என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. தலைவர், “யாருக்காவது எதையாவது தனியாக எடுக்க வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் மைக்கைத் தொடவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று மினிட்ஸில் பதிவானது. அந்த ஏகமனதில் என் மனமும் ஒன்று.

ஏன் பேசவில்லை? ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கம், தூக்கக் கலக்கம், பெரிய பேராசிரியர்கள் முன் கூச்சம் என்றெல்லாம் நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றும் உண்மை இல்லை. என் பதவிக்காலம் அந்த ஆண்டு முடிய இருந்தது. இரண்டாவது முறை நிற்க வேண்டுமென்றால் வேட்பாளர் தேர்வுக் குழு என் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். சந்தாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களில் இருவர் அந்தக் குழுவில் இருந்தார்கள். செயற்குழு உறுப்பினருக்கு மாநாட்டு விமானக் கட்டணத்தைச் சங்கமே கொடுக்கும். அதை இழக்க எனக்கு விருப்பமில்லை. இதுதான் காரணம். வேறு காரணம் கிடையாது. என் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

இரண்டாவது தவறு இதைவிடக் கீழானது. புதிய சந்தா அறிவிப்பு வந்ததும், நான் சேர்த்துவிட்ட ஆசிரியை ஒருவர் போன் செய்தார். மதுரைச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பிறந்தநாள் போஸ்டர்களை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்துத் தொகுத்து ஆய்வு செய்துகொண்டிருந்தவர். “சார், இதைத் தடுக்க அங்கே யாருமே பேசலையா?” என்று கேட்டார். “நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேம்மா. மெஜாரிட்டி முடிவு” என்றேன். “பரவாயில்ல சார், எங்களுக்காக நீங்களாவது பேசுனீங்களே, அதுவே பெருசு” என்றார். அவருடைய நன்றியை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். அதே பொய்யை அடுத்தடுத்துக் கேட்டவர்களிடமும் சொன்னேன். ஒருமுறை சொல்லிவிட்டதால் பிறகு அது எளிதாக வந்தது.

அவர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். நான் எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் பகுதியின் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி, அங்கே ஆர்வம் இல்லை என்று அடுத்த அறிக்கையில் எழுதினார்கள். கட்ட முடியாமல் போனவர்கள், விரும்பாமல் போனவர்களாகப் பதிவானார்கள். அந்த அறிக்கையை வைத்து எங்கள் பகுதிக்கென்று இருந்த இடத்தையே இன்னொரு பகுதியோடு சேர்த்துவிட்டார்கள். எந்த நாற்காலிக்காக வாய் மூடி இருந்தேனோ, எனக்குப் பின் யாரும் அதில் உட்கார முடியாமல் போயிற்று.

நான் சங்கம் நடத்தத் தெரியாதவன் இல்லை. அதனால்தான் என் குற்றம் பெரிது. எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்திருக்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கம் அது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒருமுறை போர்வெல் மோட்டாருக்காகத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, “ஏன் தம்பி, போன வருசம்தானே மோட்டாரை மாத்துனீங்க? மறுபடி எதுக்குத் துட்டு?” என்று கேட்டார். பில்லை எடுத்துக் காட்டினேன். இட்லிக் கடை வைத்திருக்கும் அவருக்குப் பாதித் தொகை போதும் என்று கூட்டமே பேசி முடிவு செய்தது. அதை எதிர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என் கண் முன்னால் நின்றிருந்தார்.

பன்னாட்டுச் செயற்குழுவில் காசு கட்டப்போகிறவர் யாரும் என் கண் முன்னால் இல்லை. எனக்குப் பதவி தரக்கூடியவர்கள் மட்டும் திரையில் இருந்தார்கள். நான் முகம் பார்த்து நியாயம் பேசுகிறவன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பொறுப்பில் இருப்பவனுக்கு அது போதாது. எதிரில் இல்லாதவருக்காகப் பேசத்தான் அவனை அனுப்புகிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தி உலகில் ஏழை நாடுகளின் குரல் எடுபடாமல் போவதை விசாரித்து 1980-இல் மக்பிரைட் குழு அறிக்கை தந்ததையும், அதில் இந்தியாவிலிருந்து பி.ஜி. வர்கீஸ் உறுப்பினராக இருந்ததையும் ஆண்டுதோறும் நடத்தினேன். தாம் சிறுபான்மை என்று நினைப்பவர்கள் எப்படி அடங்கிப்போகிறார்கள் என்று எலிசபெத் நோயல்-நாய்மன் 1974-இல் எழுதிய மௌனச் சுழல் கோட்பாட்டையும் நடத்தினேன். அந்தக் கோட்பாட்டுக்குள் என்னால் ஒளிந்துகொள்ள முடியாது. தனித்து நிற்கும் பயத்தால் அடங்குகிறவர்களைப் பற்றியது அது. நான் அடங்கியது ஆதாயத்துக்காக.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு பாடம். அமெரிக்காவில் டேவிட் மானிங் வைட் 1950-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நாளிதழில் ஏஜென்சிச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், அவற்றில் தான் தள்ளிவிட்ட ஒவ்வொன்றின் மீதும், ஏன் தள்ளினேன் என்று ஒரு வாரம் தன் கையால் எழுதி வைத்தார். வாயில்காப்போன் கோட்பாடு ஊடக ஆய்வில் வேரூன்றியது அந்தத் தாள்களிலிருந்துதான். அன்றிரவு என் முன்னாலும் அப்படி ஒரு தாள் இருந்து, “தனியாக எடுக்கச் சொல்லவில்லை, காரணம்:” என்று அச்சடித்து, கீழே கோடு போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? உண்மைக் காரணத்தை எழுத முடிந்திருக்காது. பொய்க் காரணம் ஒன்றும் கைவசம் இல்லை. மைக்கைத்தான் திறந்திருப்பேன்.

ஆகவே சங்கத்தின் இப்போதைய தலைவருக்குக் கடிதம் எழுதி, நடந்ததை ஆவணத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே மூன்று கோரிக்கைகளையும் வைத்திருக்கிறேன். உறுப்பினரிடம் காசு கேட்கும் எந்தத் தீர்மானமும் விவாதமில்லாத பட்டியலில் வரக் கூடாது. ஒவ்வொருவரும் எப்படி ஓட்டுப் போட்டார், ஏன் போட்டார் என்பது பெயரோடு மினிட்ஸில் இருக்க வேண்டும். மறுபடி நிற்க விரும்புகிறவர் அதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஆசிரியையிடமும் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “இதை இப்ப ஏன் சார் சொல்றீங்க?” என்று கேட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. கல்லூரி வேலையை விட்டுவிட்டு இப்போது ஒரு டிசைன் கடையில் வேலை பார்க்கிறார். போஸ்டர் ஆய்வு முடியவில்லை. அதை எழுதி முடிக்க நான் உதவுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சிறிதோ பெரிதோ, ஏதாவது ஒரு சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கான அஜெண்டா வந்ததும், உங்கள் உறுப்பினர்களில் சந்தா கட்டவே சிரமப்படும் ஒருவருக்குப் போன் செய்து அதை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியில் உங்களை நிறுத்துகிறாரோ, அந்த வரியைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். நான் செய்யாமல் விட்டது அவ்வளவுதான். ஒரு போன், ஒரு வாக்கியம்.