உல்லாசக் கப்பலும் ஊர்ப் படகும்

கடலைக் கடப்போர் இருவகையினர். கடலைக் காண்பதற்காகக் கடப்போர் ஒரு வகையினர். கடக்காமல் வாழ முடியாமையாற் கடப்போர் மற்றொரு வகையினர். வெப்பமண்டலத் தீவுகளைப் பற்றி இன்று உலகெங்கும் அச்சாகும் வண்ணப் பிரசுரங்கள் யாவும் முதல் வகையினரை நோக்கியே எழுதப்படுகின்றன. நீலக் கடல், வெண்மணல், நீரை நோக்கிச் சாய்ந்த தென்னை. இவை தவறாது இடம்பெறும். அந்தத் தென்னையில் ஏறுபவன், அதன் ஓலையைப் பின்னுபவள், அவர்களுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தத் துறையில் எத்தனை மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்னும் செய்தி ஆகியன இடம்பெறுவதில்லை. தீவு அங்கே ஒரு காட்சி. தீவார் அக்காட்சிக்கு இடையூறு.

நெடுந்தீவிலுள்ள ஒரு பாடசாலைக்கு 2022 ஆம் ஆண்டில் தமிழாசிரியராக நியமனம் பெற்று, மூன்றாண்டுக் காலம் நாமும் இரண்டாவது வகையினருள் ஒருவராயிருந்தோம். யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் பஸ் வண்டி பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையில் நிற்கும். தரைவழி அங்கே முடிகிறது. அதன்மேற் படகு. 'குமுதினி', 'வடதாரகை', 'நெடுந்தாரகை' என்பன எமது காலத்தில் அவ்வழியே ஓடிய படகுகளின் பெயர்கள். கடல் அமைதியாயிருந்தால் ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் மாவிலித்துறையை அடையலாம். சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களில் அந்த ஒரு மணிநேரத்தின் நீளத்தைக் கடிகாரம் கொண்டு அளத்தல் இயலாது.

அப்படகில் ஏற்றப்படுவனவற்றை ஒரு நாள் நின்று கவனித்தால், ஒரு தீவின் பொருளாதாரம் முழுவதையும் கற்றுக்கொள்ளலாம். மா மூடை, சீமெந்து, காஸ் சிலிண்டர், மரக்கறிக் கூடை, மோட்டார் சைக்கிள், தபாற் பை, பரீட்சை வினாத்தாட் பொதி ஆகியன தீவை நோக்கிச் செல்லும். கருவாடும், பனாட்டும், ஒடியலும், நோயாளரும், உயர்கல்வி கற்கப் புறப்பட்ட இளைஞரும் தீவிலிருந்து வெளியேறுவர். இளைஞருட் பலர் திரும்பி வருவதில்லை என்பது மனங்கொளத்தக்கது. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருளின்றி நாடே வரிசையில் நின்றபொழுது, படகுக்கு டீசல் உண்டா என்ற வினாவே அத்தீவின் முதற் கேள்வியாயிற்று. பெருநிலத்தில் எரிபொருளின்மை துன்பம். தீவிலோ அது சிறை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் மாலை, பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லும் படகில் நாமும் சென்றோம். நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் சத்திரசிகிச்சை வேண்டுமெனின் கடலைக் கடந்தே ஆகவேண்டும். படகிலிருந்த பெண்கள் ஒரு சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினர். ஆடவர் யாவரும் மறுபுறம் திரும்பி, ஒரு சொல்லும் பேசாது கடலையே நோக்கி நின்றனர். படகோட்டி ஒவ்வோர் அலைக்கும் வேகத்தைத் தணித்து, அலையின் முதுகில் ஏற்றி இறக்கிப் படகைச் செலுத்தினார். அவருடைய கைகள் சுக்கானிற் கிடந்த விதத்தை ஒரு தேர்ந்த வைத்தியரின் கைகளோடு ஒப்பிடலாம். குறிகட்டுவானில் அம்புலன்ஸ் வண்டி காத்து நின்றது. தாயும் சேயும் நலமென்ற செய்தி இரண்டு நாளின் பின் அதே படகில் எம்மை வந்தடைந்தது. அன்று அப்பெண்ணைக் காத்தது மனிதரின் கைத்திறனும் மனிதாபிமானமுமேயன்றி, எந்த ஏற்பாடும் அன்று. கைத்திறனை மட்டும் நம்பி ஒரு சமுதாயம் எத்தனை தலைமுறைக்குப் பிள்ளை பெறுவது?

இக்கடலில் ஆட்சியாளரின் கவனம் என்றுமே இல்லாமற் போனதன்று; அக்கவனம் எதன்மீது என்பதே வினா. நயினாதீவிலுள்ள 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்திற்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தாற் சரிபாதி பண்டாரத்திற்கு என்று அது விதிக்கிறது. போருக்குதவும் விலங்குகளைக் கொணர்வோனுக்குச் சலுகை கூடுதலாயிருந்ததைக் காண்க. பின்னர் வந்த ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர்: வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அரசாங்கத்தின் ஆங்கிலக் கடிதத் தலைப்புகளில் அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1985 மே 15 ஆம் நாள் 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதிற் சென்ற பயணிகளுள் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கடற்படையினரே இதனைச் செய்தனர் என்று உயிர் தப்பியோர் சாட்சியம் பகர்ந்தனர். அப்படகின் பெயரைத் தீவார் இன்றும் தாழ்ந்த குரலிலேயே உச்சரிக்கின்றனர். எனினும் மறுநாளும், அதற்கு மறுநாளும், ஏதேனுமொரு படகில் ஏறுவதன்றி அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

இத்தகைய கடலுக்குத்தான் 2023 யூன் மாதத்தில் வெள்ளைக் கப்பலொன்று வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் அவ்வுல்லாசக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்த செய்தியும் படமும் பத்திரிகைகளில் வெளிவந்தன. படத்தை வகுப்பிற்குக் கொணர்ந்த மாணவி ஒருத்தி, "சேர், இந்தக் கப்பல் நெடுந்தீவுக்கும் வருமே?" என்று வினவினாள். வராது என்றோம். "அப்ப இது ஆரை ஏத்துறது? எங்கை இறக்கிறது?" என்றாள். ஏறிய துறையிலேயே இறக்கிவிடும் என்று விடையளித்தபொழுது வகுப்பு முழுவதும் சிரித்தது. போகவேண்டிய இடமொன்று இல்லாமலே ஒருவர் கப்பலேறுவார் என்பதைத் தீவுப் பிள்ளைகளின் அறிவு ஏற்க மறுத்தது. அச்சிரிப்பை அறியாமை என்று தள்ளிவிடுதல் இலகு. அரசியற் பொருளாதாரத்தின் நுழைவாயில் அதுவே என்பது எமது எண்ணம்.

போகுமிடமின்றிப் போகும் கப்பல் பழையதொன்றன்று. உலாவுக்கென்றே கட்டப்பட்ட முதலாவது கப்பலெனக் கருதப்படும் 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே' 1900 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நீரில் இறக்கப்பட்டது. செல்வர்களை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அக்கப்பல் 1906 இல் யமேக்காவின் கரையில் மோதி அழிந்தது. எனினும் இத்தொழில் பெருந்தொழிலாயது பிற்காலத்திலேயே. 1958 இல் ஜெற் விமானங்கள் பயணிகளை அத்திலாந்திக்கின் மேலாக ஏற்றிச் செல்லத் தொடங்கியதும், பயணிகளை இழந்த கப்பல் முதலாளிகள், போக்குவரத்தை விட்டு உல்லாசத்தை விற்கத் தலைப்பட்டனர். 2024 யனவரியில் முதற் பயணம் புறப்பட்ட 'ஐக்கொன் ஒவ் த சீஸ்' ஏழாயிரத்திற்கு மேற்பட்ட பயணிகளையும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட ஊழியரையும் ஏற்றவல்லது.

அவ்வூழியர் யார்? பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலான நாடுகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர். முதலாளியின் தலைமையகம் ஒரு நாட்டில். கப்பலிற் பறப்பதோ பனாமாவின் அல்லது பஹாமாஸின் கொடி. கொடி எந்நாட்டினதோ அந்நாட்டின் சட்டமே கப்பலில் ஆட்சி செய்யும். ஆதலால் வரியும் ஊதியமும் குறைந்த இடத்துக் கொடி நாடிப் பெறப்படுகிறது. 2006 இல் இயற்றப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சாசனம் ஒரு முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. அச்சாசனமும் நாளொன்றிற்குப் 14 மணிநேரமும் வாரமொன்றிற்கு 72 மணிநேரமும் வேலை வாங்குதலை அனுமதிக்கிறது. எட்டு மணிநேர வேலைநாளுக்காகச் சிக்காகோவிலே தொழிலாளர் இரத்தம் சிந்தியது 1886 இல் என்பதை மாணவருக்கு நினைவூட்டுதல் தகும்.

தீவாருக்கு இதனாற் கிட்டுவது யாது? ஹெயிட்டியின் வடகரையில் லபாடி என்றோர் இடமுண்டு. உண்மையில் அது தீவன்று. பெருநிலத்தோடு ஒட்டிய நிலத்துண்டு. 1986 முதல் உல்லாசக் கப்பற் கம்பனியொன்று அதனைக் குத்தகைக்குப் பெற்று, வேலியிட்டுத் தனக்கென வைத்துக்கொண்டது. 2010 யனவரி 12 இல் பூகம்பம் ஹெயிட்டியின் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களுள் உல்லாசக் கப்பல் வழமைபோல் லபாடிக்கு வந்தது. அது நிவாரணப் பொருட்களையும் கொண்டுவந்தது என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். ஆயினும் பயணிகள் வேலிக்கு இப்பாற் கடலாடியபொழுது, வேலிக்கு அப்பாலிருந்த நாடு பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தது. வேலி பூகம்பத்தின் பின் எழுப்பப்பட்டதன்று. அது முன்னரே நின்ற வேலி. பூகம்பம் அதனை உலகுக்குக் காட்டியது, அவ்வளவே.

இவ்வாறு கூறுவதால், நாம் உல்லாசத்திற்கே பகைவர் என்று எவரும் கொள்ளலாகாது. விடுமுறை நாட்களில் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பலர் நெடுந்தீவின் கட்டைக் குதிரைகளையும், பெருக்கு மரத்தையும், முருகைக்கல் வேலிகளையும் பார்க்க வந்தனர். ஆண்டு முழுவதும் உழைத்து, ஒரு நாளைக்குக் கடலைக் காண வந்த அத்தொழிலாளரும் ஆசிரியரும் எம்மவரே. அவர்கள் வந்த நாட்களிற் படகில் இடம் போதாமல், மருந்தெடுக்கச் சென்று திரும்பிய முதியோர் துறையில் நின்றதையும் கண்டோம். அங்கே குற்றம் வந்தவர்மீதன்று; இருதிறத்தாருக்கும் போதிய படகை ஓட்டாத ஏற்பாட்டின்மீதே. வறியவரை வறியவரோடு இடத்திற்காக மோதவிடுவது அவ்வேற்பாட்டின் பழைய இயல்பு.

வேறு வழியே இல்லையா? பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, தாகித்தியிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தொலைவில் மார்க்கேசஸ் தீவுகள் உள்ளன. அங்கு செல்லும் 'அரானுயி' என்னும் கப்பலின் முற்பகுதி சரக்குக்கும் பிற்பகுதி பயணிகளுக்கும் உரியது. உணவு, சீமெந்து, எரிபொருள் முதலியவற்றை அது தீவுகளில் இறக்கும், கொப்பறாவை ஏற்றும். பாரந்தூக்கி அசையும் அதே நேரத்திற் சுற்றுலாவினரும் கரையிறங்குவர். தஹுவாத்தா, பாத்து ஹிவா ஆகிய தீவுகளுக்கு விமானத்தளம் இல்லை. அங்கு கப்பல் வருநாள் ஊரின் நாள். இதுவும் இலாபத்திற்காக ஓடும் கப்பலே. பிரெஞ்சு ஆட்சியின் கீழுள்ள தீவுகளே அவை. ஆகவே இதனை இலட்சியமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. எனினும் ஓர் உண்மையை அது நிறுவுகிறது: காண வருவோனின் பணமும் வாழ்வோனின் மூடையும் ஒரே கப்பலிற் செல்லக்கூடும். அவை வெவ்வேறு கப்பல்களிற் செல்வது இயற்கையின் விதியன்று. மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

ஆதலால், வடகடலிற் சுற்றுலாவை வளர்ப்போம் என்று மேடைதோறும் முழங்குவோரிடம் ஆசிரியரும் மாணவரும் ஒரே கேள்வியைக் கேட்டல் வேண்டும். வெள்ளைக் கப்பலுக்குத் துறையை ஆழமாக்குவதற்கு முன், நெடுந்தீவிற்கும் அனலைதீவிற்கும் எழுவைதீவிற்கும் இரவு பகல் எந்நேரமும் புறப்படத்தக்க, நோயாளியைக் கிடத்தத்தக்க படகுகள் எத்தனை? விடை கூறுவோர் வருமளவும், அக்கடலைக் கடலோட்டிகளின் கைகளே தாங்கி நிற்கும். அக்கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.