மங்குப் பாலும் பாட்டி முகமும்

10 ஜனவரி 2026, சனி

சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் புதுக் கேமரா வாங்கியதால் பழையது என் கைக்கு வந்தது. கூடவே எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ். ஒரே நிபந்தனை: ஆட்டோ பக்கம் போகக்கூடாது.

மழை விட்டதும் ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். அங்கே புரிந்தது: எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். 2.8இலிருந்து 4க்குப் போனால் பாதி, 5.6க்குப் போனால் அதிலும் பாதி. ஷட்டரை 1/125இலிருந்து 1/250 ஆக்கினாலும் பாதிதான். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை இரட்டித்தால் இழந்த பாதி திரும்பிவிடும். மூன்று சக்கரத்துக்கும் ஒரே வாய்ப்பாடு. இதை ஏன் இவ்வளவு பூடகமாகச் சொல்லித்தருகிறார்களோ!

11 ஜனவரி, ஞாயிறு

பொன்வெயிலுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று எழுதுகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். எங்கள் ஊர் சிகாமட் நிலநடுக்கோட்டுக்கு இரண்டரை டிகிரி வடக்கே. சூரியன் சரிந்து இறங்காமல் நேராக விழுகிறது. ஏழேகாலுக்கு மறைந்தால் ஏழே முக்காலுக்குள் இருட்டு. நல்ல வெளிச்சம் அரை மணிக்கு மேல் தங்குவதில்லை. ஆறரைக்கே இடத்தைத் தேர்ந்து, ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

17 ஜனவரி, சனி

பத்து அன்னாம் பக்கம் தெரிந்தவர்களின் சின்ன ரப்பர்த் தோட்டம். சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது, இங்கே இன்னும் மரம் சீவுகிறார்கள். நேற்று மழை இல்லாததால் பட்டை காய்ந்திருந்தது. ஈரமாக இருந்தால் பால் மங்கு எனும் கிண்ணத்துக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும், அன்றைக்கு வேலை கிடையாது.

ஆறு மணிக்கு நல்ல இருட்டு. மரம் சீவும் அக்காவின் நெற்றி விளக்கு மட்டுமே வெளிச்சம். எஃப் 1.8, 1/60, ஐஎஸ்ஓ 6400. படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். இருக்கட்டும், கத்தி ஓடும் இடம் தெளிவாக விழுந்திருக்கிறது.

விடிந்ததும் பால் நிறைந்த மங்கை நெருங்கி எடுத்தேன். பால் சாம்பல் நிறத்தில் வந்தது! எதைக் காட்டினாலும் கேமராவின் ஒளி மீட்டர் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். விழும் வெளிச்சத்தில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பும் பொருள் என்பது அதன் அனுமானம். பாலோ அதைவிடப் பல மடங்கு திருப்பும். ஈடுசெய்யும் அளவை +1 வைத்ததும் வெள்ளை வெள்ளையானது.

“என்னா தம்பி, மங்கயா படம் புடிக்கிற? என்னயப் புடிக்க மாட்டியா?” என்றார் அக்கா. பிடித்தேன்.

18 ஜனவரி, ஞாயிறு

பாட்டியை வாசற்படியில் உட்காரவைத்தேன். பின்னால் வீட்டு இருட்டு. நேற்றைய கணக்கு இங்கே தலைகீழ்: இருட்டையும் கறுத்த முகத்தையும் பார்த்த மீட்டர் எல்லாவற்றையும் வெளுத்துவிட்டது. “ஏண்டா, எனக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டியா?” −1 வைத்ததும் சுருக்கங்கள் திரும்பின. அதே பாட்டி வெள்ளைச் சேலையோடு வெயிலில் நின்றபோது சேலை படத்தை நிறைத்தது, முகம் கரியாகிவிட்டது. சேலையை விட்டுவிட்டு முகத்தில் மட்டும் புள்ளி அளவு எடுத்தேன், சரியாக வந்தது.

அண்ணன் இரவு போனில் சொன்னது: ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு ‘ஷெர்லி கார்டு’ அனுப்பும். பல ஆண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை முகம் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எரிக் பெரிஸின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார்க்கச் சொன்னான். நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் இருந்தவர். அவருடைய அப்பா ஜோகூர் அரண்மனை ஓவியர். வெளிச்சம் குறைவதைப் பற்றி எரிக் பெரிஸுக்குப் பயமே இல்லை என்று தோன்றுகிறது.

24 ஜனவரி, சனி

ரயில் நிலையம் அருகே, வேலிக்கு வெளியே. மின்சார ரயில் முழு வேகத்தில் 140 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 39 மீட்டர். 1/60இல் அறுபத்தைந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/1000இல் நாலு. கேமராவை ரயிலோடு சேர்த்துத் திருப்பினால் 1/60இலும் பெட்டி நிற்கிறது, செம்பனை ஓடுகிறது.

31 ஜனவரி, சனி

கோயில் மண்டபத்தில் எல்இடி. படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 ஆக்கியதும் பட்டை போனது. எண்ணெய் விளக்கு 2000 கெல்வின் பக்கம், எல்இடி 6500. இரண்டையும் ஒரே படத்தில் சமன் செய்ய முடியாது. விளக்குச் சுடரை மஞ்சளாகவே விட்டேன்.

1 பிப்ரவரி, ஞாயிறு, தைப்பூசம்

பத்து மணி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/500, எல்லாம் கையால் வைத்தது. மயிலிறகு, பால்குடம், திருநீறு எது முன்னால் வந்தாலும் அளவு மாறவில்லை. பக்கத்தில் ஆட்டோவில் எடுத்தவர் படத்தில் பால்குடம் பளிச்சென்று இருக்கிறது, தூக்கிவந்த பெண்ணின் முகம் இல்லை. அடுத்த வருஷம் காவடி எடுக்கப்போகும் தம்பிமார்களே, படம் எடுக்க வருகிறவரிடம் முகத்துக்கு அளவு வைக்கச் சொல்லிவிடுங்கள்.