அழாத பிள்ளையை எப்படி வரைவது?

சென்ற ஆண்டு ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளுக்காகக் காஞ்சிபுரத்தில் ஒட்ட, மாணவத் தோழர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சுவரொட்டி தயாரித்தேன். தறியோடு சங்கிலியால் கட்டப்பட்ட குழந்தை, கன்னத்தில் கண்ணீர், மூலையில் விரல் நீட்டும் பாபாசாகேப். (அவரை மூலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நமக்கு ஒரு நினைப்பு.)

அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்கள் காலனி அக்கா ஒருவரிடம் காட்டினோம். அப்பா வாங்கிய முன்பணத்துக்காக ஒன்பது வயதில் தறிக்குப் போனவர்.

“இந்தப் புள்ள ஏன் தம்பி அழுவுது? நான் அழுததே இல்ல. ஊட்டுக் கடன நான்தான் அடைக்கிறேன்னு பெருமையா இருக்கும்.”

எங்களிடம் பதில் இல்லை.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரை நாடாவைப் போட நெசவாளருக்கு அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். நெடுங்காலம் அங்கே உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள். அதிலும் சேரிப் பிள்ளைகள் பலர். பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

அந்த நிலை இன்று அப்படியே இல்லை. ஆனால் 2016 சட்டத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை போட்டுவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. எந்தக் குடும்பத்துக்கு எது தொழில் என்று இந்த நாட்டில் தீர்மானித்தது எது தோழர்களே? கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு கையை விரித்துவிடுகிறது. சங்கிலியை வரைந்தால், ‘உதவி’ செய்யும் பிள்ளையின் பெற்றோர் “நம்ம வீட்ல சங்கிலி இல்லையே” என்று நிம்மதியாகக் கடந்துபோவார்கள்.

மாற்றி வரைந்தோம். மேலிருந்து பார்த்த தறி. நெசவாளர் இருக்கிறார், பக்கத்து இடம் காலி. கீழே ஒரு கேள்வி: “இங்கே உட்கார்ந்திருந்தவர் இப்போது எந்த வகுப்பு?” அதற்கடியில், குடும்பத் தொழில் விலக்கை நீக்கு, 18 வயதுவரை கல்வியை உரிமையாக்கு. கடைசியில் குழந்தைகள் உதவி எண் 1098. பாபாசாகேபை எடுத்ததில் ஒரு தோழருக்கு இன்னமும் கோபம்.

காந்தி சாலையில் ஒட்டியதில் பாதி மறுநாளே கிழிந்திருந்தது. கல்யாணப் பட்டெடுக்க வந்தவர்கள் சிலர் நின்று படித்ததையும் பார்த்தேன். அக்காவுக்குத்தான் இன்னொரு குறை.

“நம்பர எறும்பு மாதிரி போட்டிருக்கியே தம்பி. தறியில குந்துனவங்களுக்குக் கண்ணு தெரிய வேணாமா?”

அடுத்த அச்சில் 1098ஐ உள்ளங்கை அளவுக்குப் போட்டோம்.